கயிறு கட்டிய போத்தல்

“வாப்பா, ஒரு கேலன் பெட்ரோல்ல பாதிய அரசாங்கம் குடிச்சா, அதுக்கு வயிறு எரியாதா?”

மஸீனா இதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. நாலந்தாச் சந்தியில் ஸக்கரியாவின் தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டு, பாதி கடித்த வாய்ப்பனைக் கையில் வைத்தபடி கேட்டாள். கடையிலிருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். அவளுடைய வாப்பா ஜைனுதீன் மட்டும் சிரிக்கவில்லை.

எழுபத்து நாலாம் ஆண்டின் தொடக்கம் அது. அரபு நாட்டு யுத்தத்துக்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியது. ஏறியது இறங்காமல் மறுபடியும் ஏறியது. முந்தின நாள் செய்தியிலும் அதைத்தான் சொன்னார்கள். ஜைனுதீன் சந்தியில் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டுபவன். காலையிலிருந்து ஏசிக்கொண்டிருந்தான். அந்த ஏச்சிலிருந்துதான் பிள்ளை தன் கேள்வியைப் பொறுக்கி எடுத்திருந்தாள்.

“அதுட வயித்துக்கு ஒண்டும் ஆகாது மகள். எரியிறது எங்கட வயிறுதான்” என்றான் ஜைனுதீன்.

ஸக்கரியா தேத்தண்ணியை ஆற்றியபடி சொன்னார்: “சும்மா அரசாங்கத்த ஏசாத மச்சான். வெலய கூட்டினது அரபு நாட்டுக்காரன்.”

“அவன் கூட்டினது ஒரு பங்கு. கப்பல்ல வந்து எறங்கின ஒடனே சுங்கம். அதுக்கு மேல ஒரு வரி. அந்த வரிக்கு மேல இன்னொரு வரி. கார் வச்சிருந்தா பணக்காரன் எண்டு நெனச்சிட்டாங்க. நான் பணக்காரனா?”

“உன்ட கார ஒருக்காப் பார்த்தா அப்படி நெனைக்க மாட்டாங்க” என்றார் ஸக்கரியா.

மறுபடியும் சிரிப்பு. ஜைனுதீனின் பழைய ஏ போர்ட்டி கார், கடைக்கு எதிரே மழையில் நனைந்துகொண்டு நின்றது. அதன் இடதுபக்கக் கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.

“எடுக்கிற வரியிலதானே ஆசுபத்திரி நடக்குது, பள்ளிக்கூடம் நடக்குது, ரோட்டுப் போடுறாங்க” என்றார் ஸக்கரியா.

“பெரியாக்கள்ட ஜீப்பும் அதுலதான் ஓடுது.”

“ஓடுது. அதையும் பொய்யெண்டு சொல்ல மாட்டேன்.”

மஸீனா வாய்ப்பனைத் தின்று முடித்துக் கையைச் சட்டையில் துடைத்தாள். தன் கேள்விக்கு யாரும் சரியான பதில் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பெரியவர்களிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கக்கூடாது என்று உம்மா சொல்லியிருந்தாள்.

*

ஜைனுதீனின் ஊர் சந்தியிலிருந்து ஐந்து மைல் உள்ளே இருந்தது. ரோட்டு ஊரிலிருந்து ஒன்றரை மைல் வளைந்து வளைந்து இறங்கும். அடியில் ஓர் ஓடையும் சின்னப் பாலமும். பாலத்தைத் தாண்டினால் சந்திவரை ஏற்றம். பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. இடையில் அவசரம் வந்தால் ஜைனுதீனின் காரைத் தவிர வேறு வழியில்லை. மிளகு மூடைக்காரர்களும், மாத்தளைக்கு மருந்தெடுக்கப் போகிறவர்களும், பெண் பார்க்கப் போகிறவர்களும் அதில்தான் போனார்கள்.

பெட்ரோல் விலை ஏற ஏற அவன் ஹயர்க் கூலியையும் ஏற்றினான். ஏற்றியதும் ஆட்கள் குறைந்தார்கள். “கொஞ்சம் பொறுத்துப் போவம்” என்று நோயையே தள்ளிப் போட்டார்கள். அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நிற்கிற காலத்தில் யார் காருக்குக் கொடுப்பார்கள்? ஜைனுதீனின் வீட்டிலும் காலையில் மரவள்ளிக் கிழங்கு, இரவில் குரக்கன் ரொட்டி, நடுவில் கிடைத்தது என்று ஆயிற்று.

அப்போதுதான் அவன் மண்ணெண்ணெய்க்கு மாறினான்.

மண்ணெண்ணெய் ஏழைகள் விளக்கெரிக்கிற எண்ணெய். அதற்கு வரி குறைவு, விலையும் குறைவு. சூடேறிய எஞ்சின் அதிலும் ஓடும், புகை விட்டுக்கொண்டு, முனகிக்கொண்டு ஓடும். ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. அதற்காக ஜைனுதீன் பொனட்டுக்குள் ஒரு கேலன் பிடிக்கிற சிறு டாங்கி ஒன்றைப் பொருத்தினான். அதில் கொஞ்சம் பெட்ரோல். பின்னாலிருந்த பெரிய டாங்கி முழுக்க மண்ணெண்ணெய். பெட்ரோலில் எஞ்சினை ஸ்டார்ட் எடுப்பது, ஒரு மைல் ஓடிச் சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு விடுவது, நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்புவது. அப்படிச் செய்தால் அடுத்த முறை எடுப்பதற்கு எஞ்சினுக்குள் பெட்ரோல் இருக்கும்.

இதைத் தவிர மலைநாட்டுச் சாரதிகள் எல்லாருக்கும் இருந்த ஒரு சிக்கனமும் அவனுக்கு இருந்தது. இறக்கம் வந்தால் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா உருட்டிக்கொண்டு போவது. பத்து வருஷப் பழக்கம். கை தானாகச் செய்யும்.

மண்ணெண்ணெயைக் கூட்டுறவுச் சங்கக்கடையின் பின்கதவால் எடுத்தான். கடையின் மனேஜர் லெட்சுமணன் வாரத்துக்கு ஒரு டின் ஒதுக்கி வைப்பார். மேலதிகமாக ஏதோ கொடுத்தால் சரி. முன்கதவில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு போத்தல் என்று ஊற்றி, பாதி வரிசையில் “முடிஞ்சு போச்சு” என்று பலகையை இழுத்துவிடுவார்.

அவன் மனைவி றஸ்மியாவுக்கு இது பிடிக்கவில்லை. சண்டை போடுகிற பெண் அல்ல அவள். தேத்தண்ணியை வைத்துவிட்டு, போகிற போக்கில் சொல்வதுபோல் சொன்னாள்.

“அது லாம்புக்கு வந்த எண்ணெய்ங்க.”

“நான் களவெடுக்கல்ல. காசு கொடுத்துத்தான் வாங்குறேன்.”

“காசு கொடுக்கத்தான் அவங்களும் வரிசையில நிக்கிறாங்க.”

“நான் என்ன செய்ய? அரசாங்கம் என்ட கழுத்துல கத்திய வச்சிட்டு. நான் வரிக்குத் தப்புறேன், அவ்வளவுதான். வேற யாருட வயித்துலயும் அடிக்கல்ல.”

 அன்றைக்கு மாலை றஸ்மியா தங்கள் வீட்டு லாம்புத் திரியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

*

பிப்ரவரி மாதத்தில் ஒரு புதன்கிழமை. மழை மூன்று நாளாக விடவில்லை. மஸீனாவுக்கு முந்தின நாளே வயிற்றுவலி. கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து றஸ்மியா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். விடிந்தபோது பிள்ளை வலது காலை மடக்கிக்கொண்டு, நிமிரமுடியாமல் கிடந்தாள். நெற்றி கொதித்தது. வயிற்றில் கை பட்டதும் வீரிட்டுக் கத்தினாள். காலை பஸ் போய்விட்டிருந்தது.

“கார எடுங்க” என்றாள் றஸ்மியா. அவள் குரலில் இருந்ததை ஜைனுதீன் அதற்கு முன் கேட்டதில்லை.

சிறு டாங்கியில் ஒரு கோப்பை அளவு பெட்ரோல்தான் கிடந்தது. சந்திக்குப் போய் அடிக்கலாம் என்று அவன் நாலு நாளாகத் தள்ளிப் போட்டிருந்தான். எப்படியோ எஞ்சின் பிடித்தது. ஊர் எல்லைக்குப் போவதற்குள் பெட்ரோல் தீர்ந்தது. குழாயைத் திருப்பினான். கார் கறுப்புப் புகை விட்டுக்கொண்டு ஓடியது. பின் ஆசனத்தில் உம்மாவின் மடியில் பிள்ளை முனகிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குழியிலும் “உம்மா, உம்மா” என்றாள்.

இறக்கம் தொடங்கியது. ஜைனுதீன் கண்ணாடி வழியாகப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பியது.

எஞ்சின் நின்றதும் வந்த அமைதியில்தான் தான் செய்தது அவனுக்கு உறைத்தது. மண்ணெண்ணெயில் நின்ற எஞ்சின் குளிர்ந்தால் பிடிக்காது, மறுபடி எடுக்கப் பெட்ரோலும் இல்லை. சரி, சூட்டோடு இருக்கிறது, அடியில் போய் உடனே எடுத்துவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். நல்ல நேரமாயிருந்தால் எடுத்தும் இருக்கலாம். ஆனால் அடியில் பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டு பாதி அரித்துப் போயிருந்தது. ரோட்டு வேலைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை மேற்பார்க்கும் ஓவசியர் மாணிக்கவாசகம் குடையும் கையுமாக நடுவில் நின்று கையைக் காட்டினார்.

“நில்லுங்க நானா! பலக போடுற வரைக்கும் தாண்ட ஏலாது. இருபது நிமிஷம்.”

“ஐயா, புள்ளைக்கு ஏலாம ஈக்கு!”

மாணிக்கவாசகம் குனிந்து காருக்குள் பார்த்தார். அவர் மாத்தளை டவுனைச் சேர்ந்தவர். கறாரான மனிதர் என்று பெயர். பார்த்த உடனே திரும்பி, “கல்ல விடுங்கடா! எல்லாரும் பலகைக்கு வாங்க!” என்று கத்தினார்.

இருபது நிமிஷ வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஆனால் அந்தப் பத்து நிமிஷமும் மழை பொனட்டின் மேல் கொட்டியது. ஜைனுதீன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் கர்ரென்று சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. பற்றரி களைத்துக் குரல் இறங்கியது.

“தள்ளுங்க!” என்றார் ஓவசியர். ஆண்களும் பெண்களுமாகத் தள்ளினார்கள். பலகையைத் தாண்டி, ஏற்றம் தொடங்கும் இடம்வரை தள்ளினார்கள். இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் அடங்கிவிட்டது. மண்ணெண்ணெய் வாடை குப்பென்று வந்தது.

வேலைக்காரப் பெண்களில் ஒருத்தி சுந்தரம்மா. பாலத்துக்கு மேலே, ரோட்டு வேலைக்காரர்களின் வரிசை வீடுகளான ரோட்டு லயத்தில் இருப்பவள். தன் தலையிலிருந்த சாக்கை எடுத்துக் கயிறு கட்டிய கதவின் இடைவெளியில் மழை உள்ளே வராமல் பிடித்துக்கொண்டு நின்றாள். வாடையை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என்னா நானா, ஒங்க காரு எங்க வீட்டுக் குப்பி லாம்பு மாதிரியே மணக்குது!”

அவள் குத்திக் காட்டவில்லை. பயந்துபோய் இருக்கிறவர்களைக் கொஞ்சம் இலேசாக்கத்தான் சொன்னாள். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். ஜைனுதீன் பொனட்டுக்குள் தலையை விட்டவன் நிமிரவில்லை.

“அந்த வாசம் மோந்தே மூணு வாரம் ஆச்சு தங்கச்சி” என்று அவள் றஸ்மியாவிடம் பேசிக்கொண்டிருந்தது அவன் காதில் விழுந்தது. “தெனம் வேலைக்கு வரையில போத்தலையும் எடுத்துக்கிட்டு வந்துருவேன். வேல விட்ட ஒடனே அப்புடியே சங்கக்கடைக்கு. போயி நின்னா முடிஞ்சிருச்சும்பாரு. எங்க மக சந்திரகாந்தா இந்த வருஷம் பரீட்ச எழுதுது. அடுப்பு வெளிச்சத்துல படிக்குது. கண்ணெல்லாம் செவந்து போவுது... புள்ளைய இப்புடிச் சாய்ச்சுப் புடிங்க. வயித்துல கை வெக்காதீங்க.”

றஸ்மியா பிள்ளையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஓவசியர் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“மண்ணெண்ணெயில ஓட்டுறீங்களா?”

“ஓம் ஐயா.”

“பெட்ரோல்?”

“ஒரு சொட்டும் இல்ல.”

பொலிசுக்குச் சொன்னால் காரையே எடுத்துக்கொண்டு போவார்கள் என்று சாரதிகள் பேசிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் ஜைனுதீனுக்கு அந்தப் பயம் இல்லை. காரை எடுத்துக்கொள்ளட்டும், பிள்ளையை மட்டும் மாத்தளைக்குக் கொண்டுபோய் விடட்டும் என்றுதான் இருந்தது.

ரோட்டோரக் கொட்டிலில் வேலைக்கான பெட்ரோல் டின்கள் இருந்தன. வேலைக்காரன் ஒருவன், “ஐயா, கொட்டில்ல...” என்று தொடங்கினான்.

“அது அரசாங்கத்துச் சாமான். அதுல கை வெக்க எனக்கு உரிம இல்ல” என்றார் மாணிக்கவாசகம். பிறகு குடையை மடக்கிவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளிடம் நடந்தார். “இது என்னோடது. நான் வெல கொடுத்து அடிச்சது. ஒரு போத்தல் கொண்டாங்க.”

போத்தல்? ரோட்டு ஓரத்தில் எங்கே போத்தல்? எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

சுந்தரம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு ஓடிப்போய், கல்குவியலுக்குப் பின்னால் சோற்றுப் பார்சலோடு வைத்திருந்த தன் போத்தலை எடுத்து வந்தாள். கழுத்தில் தும்புக்கயிறு கட்டிய பழைய போத்தல். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்து ஓவசியரிடம் நீட்டினாள்.

“சுத்தமாத்தான் இருக்குங்கய்யா. எண்ணெய் கண்டாத்தானே அழுக்காவும்.”

ஓவசியர் மோட்டார் சைக்கிளின் குழாயைக் கழற்றி, மெல்லிய தாரையாகப் பெட்ரோலை இறக்கினார். மழைத்துளி விழாமல் சுந்தரம்மா மேலே உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தாள். ஜைனுதீன் கார்புரேட்டரைத் திறந்து மண்ணெண்ணெயைக் கொட்டினான். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தான். போத்தல் நிறைந்ததும் சைக்கிளைக் குலுக்கிப் பார்த்தார் ஓவசியர். உள்ளே சத்தமே இல்லை.

“ஐயா, நீங்க எப்படி வீட்டுக்குப் போவீங்க?”

“எறக்கத்துல நானும் ஒங்களப் போலத்தான், சும்மா உருட்டிக்கிட்டுப் போவேன். ஏத்தத்துல தள்ளுவேன். பேச்ச வுட்டுட்டு ஊத்துங்க நானா.”

“பிஸ்மில்லாஹ்” என்று ஊற்றினான்.

இரண்டாவது தள்ளலில் எஞ்சின் பிடித்தது. அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள், ஏதோ தேர் நகர்ந்ததுபோல. மீதிப் பெட்ரோல் கிடந்த போத்தலை ஜைனுதீன் ஆசனத்துக்கு அடியில் செருகிக்கொண்டு ஏற்றத்தில் விட்டான். கண்ணாடியில் பார்த்தபோது சுந்தரம்மா சாக்கை மறுபடி தலையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சந்தியில் சட்டைப்பையில் இருந்த காசுக்கெல்லாம் சிறு டாங்கியில் பெட்ரோல் அடித்தான். என்ன விலை என்று பலகையைப் பார்க்கவில்லை.

*

குடல்வால் என்றார் மாத்தளை ஆஸ்பத்திரியில் டொக்டர். இளவயதுச் சிங்கள மனிதர். பிள்ளையைத் தொட்டுப் பார்த்தவுடனே தாதியிடம் ஏதோ சொல்ல, அவள் ஓடினாள். “இப்பவே வெட்டவேணும். பின்னேரம் வரைக்கும் வச்சிருந்தா வெடிச்சிருக்கும்” என்றார்.

ஜைனுதீனும் றஸ்மியாவும் நடையில் இருந்த வாங்கில் உட்கார்ந்தார்கள். றஸ்மியா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஓதவும் வரவில்லை. சட்டையில் மண்ணெண்ணெய் மணத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒருமுறை மூக்கைச் சுளித்துத் தள்ளி உட்கார்ந்தார். எழுந்து போய்க் குழாயடியில் கையைக் கழுவினான். வந்து உட்கார்ந்தான். மறுபடி போய்க் கழுவினான்.

ளுஹர் தொழுகை நேரம் கழிந்து, மழை விட்டு, முற்றத்தில் கொஞ்சம் வெயில் விழுந்தது. டொக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவர் வாயைத் திறக்குமுன்பே சிரித்ததைப் பார்த்து றஸ்மியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

“அழ வேண்டாம் அம்மா. பிள்ள சுகம்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றான் ஜைனுதீன். மூன்று முறை சொன்னான்.

எவ்வளவு கட்டவேண்டும் என்று அவன் தாதியிடம் சிங்களத்தில் கேட்டான். ஐந்தாறு ஹயர்க் காசையும், தேவைப்பட்டால் காரையும் மனதில் எடுத்து வைத்துக்கொண்டுதான் கேட்டான். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள்.

“இது கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. உங்களிட்ட யார் காசு கேட்டது?”

 அது தெரியாத விஷயம் அல்ல. எத்தனையோ பேரை அவனே இங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கிறான். ஆனால் தன் பிள்ளை படுத்திருக்கிற கட்டிலையும், அவள் மேல் போர்த்தியிருந்த வெள்ளைப் போர்வையையும், தலைமாட்டில் எரிந்த விளக்கையும் பார்த்தபோது, ஒரு கேலனில் பாதி எங்கே போகிறது என்பதற்கு ஒரு சின்ன மூலை மட்டும் அவன் கண்ணுக்குத் தெரிந்ததுபோல் இருந்தது. முழுதும் அல்ல, ஒரு மூலைதான். ஜீப்புகளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பெட்ரோல் விலை நியாயமானது என்று அவன் அன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வரிக்குத் தப்பியதாக அவன் நினைத்துக்கொண்ட பணம், அரசாங்கத்தின் சட்டைப்பையிலிருந்து அல்ல, சந்திரகாந்தா என்று ஒரு பிள்ளையின் லாம்பிலிருந்து வந்தது என்பது மட்டும் அவனுக்குத் தெளிவாக விளங்கியது.

மஸீனா கண் விழித்தாள். உதடு காய்ந்திருந்தது.

“வாப்பா, வயிறு எரியல்ல இப்ப.”

“எரியாது மகள். இனி எரியாது.”

*

பத்தாம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்தாள். ஜைனுதீன் வேறொரு போத்தலில் பெட்ரோல் எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனான். ஓவசியர் வாங்கவில்லை.

“அத ஒங்க காருக்கே ஊத்துங்க. புள்ள ஒரு நாளைக்கு நடந்து வந்து இந்தப் பாலத்துல நின்னு எனக்குக் கை காட்டட்டும். கணக்குச் சரி.”

“ஐயா, அன்னைக்கு நீங்க...”

“நான் என்னா பண்ணுனேன்? பாவம், சுந்தரம்மாவுக்குத்தான் நட்டம். அன்னைக்குச் சாயங்காலம் பாத்து சங்கக்கடையில எண்ணெய் வந்துருக்கு. எல்லாரும் ஓடுனாங்க. அதுகிட்ட போத்தல் இல்ல. கேட்டா, போனாப் போவுது, புள்ள பொழைச்சிச்சில்லன்னு சிரிக்குது.”

ஜைனுதீன் வீட்டுக்கு வந்து கார் ஆசனத்துக்கு அடியில் தேடினான். சுந்தரம்மாவின் போத்தல் அங்கே இல்லை. றஸ்மியா அதை முன்பே எடுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, குசினி ஜன்னலில் கவிழ்த்து வைத்திருந்தாள். இற்றுப்போன தும்புக்கயிற்றை எடுத்துவிட்டுப் புதுக்கயிறு திரித்துக் கட்டியிருந்தாள்.

“எத்தின தரம் கழுவியும் பெட்ரோல் வாசம் போகல்ல” என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. “மண்ணெண்ணெய் ஊத்தினாத்தான் போகும் போல.”

அடுத்த நாள் லெட்சுமணன் சங்கக்கடைப் பின்கதவால் தலையை நீட்டினார். “நானா! ஒங்க டின் ரெண்டு வாரமா உள்ள கெடக்கு.”

“அத முன்னால எடுத்து வைங்க லெட்சுமணன்.”

“முன்னாலயா? வரிசைக்கா?”

“லாம்புக்கு வந்தது லாம்புக்கே போகட்டும்.”

“அப்ப ஒங்க தொழில்?”

“அல்லாஹ் பார்ப்பான்.”

“அவன் பாக்கட்டும். பொலிஸ்காரன் பாக்காம இருந்தாச் சரி” என்று முணுமுணுத்தபடி லெட்சுமணன் டின்னை உருட்டிக்கொண்டு முன்னால் போனார். அன்று வரிசை கடைசி ஆள்வரை போயிற்று. கடைசியில் நின்றவள் ஏன் இன்றைக்கு எண்ணெய் முடியவில்லை என்று யோசிக்காமலே வீட்டுக்குப் போனாள்.

தொழிலுக்கு ஸக்கரியா ஒரு வழி சொன்னார். “ஒராளுக்கு ஒரு கார் எண்டா யாரு எடுப்பா? நாலு பேரச் சேர்த்துக்கொண்டு போ. நாலு பங்காப் பிரிச்சா அரசாங்கத்து வரியும் நாலாப் பிரியும்.” முதலில் கௌரவக் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்கள் வந்தார்கள். தள்ளிப்போட்ட நோய்களோடு வந்தார்கள். நெருக்கி உட்கார்ந்து, ஒருவர் கூடையை ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு மாத்தளைக்குப் போனார்கள். பெரிய லாபம் இல்லை. கார் மட்டும் விற்கப்படவில்லை. றஸ்மியா வெள்ளிக்கிழமைகளில் மறுபடி சோறு ஆக்கத் தொடங்கினாள்.

பெரிய டாங்கியின் அடியில் ஒரு கேலனுக்குக் கொஞ்சம் மேலே, பெட்ரோல் கலக்காத மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தது. ஒரு கேலன் என்றால் ஆறு போத்தல். பாலத்துக்கு மேலே ரோட்டு லயத்தில் காம்பரா என்கிற ஒற்றை அறை வீடுகளும் ஆறு.

திங்கட்கிழமை காலை, வேலைக்காரர்கள் எல்லாரும் பாலத்தடியில் இருக்கிற நேரம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம். ஜைனுதீன் காரை எடுக்கவில்லை. போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டாமல் வைக்கோல் அடைத்த சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, காட்டுப் பக்கத்து ஒற்றையடிப் பாதையால் லயத்துக்கு இறங்கினான். ஆறு கதவும் சாத்தியிருந்தன. முற்றத்தில் கோழிகள் இரண்டு கிளறிக்கொண்டிருந்தன. ஒரு கொடியில் சாயம்போன பள்ளிக்கூடச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது.

கோழி தட்டிவிடாதபடி முதல் ஐந்து கதவுகளின் மூலையிலும் கல் அணை கொடுத்து ஒவ்வொரு போத்தலை வைத்தான். கடைசிக் காம்பராவின் நிலையில் ஓர் ஆணி இருந்தது. அதைச் சுற்றிச் சுவரில் வட்டமாக எண்ணெய்க் கறை. சுந்தரம்மாவின் போத்தல் தொங்கிய இடம் அதுதான். புதுக்கயிற்றை அந்த ஆணியில் மாட்டினான். போத்தல் ஒருமுறை ஆடி, கறையின் மேல் சரியாகப் போய் நின்றது.

சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினான். பாலத்தடியில் கல் உடைக்கிற சத்தம் கேட்டது. சுந்தரம்மா நிமிர்ந்து பார்த்து, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“என்னா நானா, காரு இல்லாம நடந்து வாறீங்க! புள்ள எப்புடி இருக்கு?”

“நல்லா ஈக்கு அக்கா.”

“சாமி புண்ணியம்” என்றாள் அவள். குனிந்து அடுத்த கல்லை எடுத்துவைத்தாள்.

ஜைனுதீன், சந்திக்குப் போகிற வழியில் வந்தவனைப்போல, பாலத்தைத் தாண்டி ஏற்றத்தில் நடந்தான்.